வலது பிராக்கெட்டைக் காணோம்

அத்தியாயம் 9

இதற்கு முந்தைய எட்டு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. எட்டிலும் நாங்கள் யாரையும் பிடிக்கவில்லை. என் முதலாளி நடத்துவது ‘தூண்டில் துப்பறியும் நிலையம்’. அதனால் ஊர் அவரைத் தூண்டில் என்றே கூப்பிடுகிறது. தூண்டிலோடு சுற்றுகிறவனுக்கு வேறென்ன பெயர் வரும்? என்னைப் புழு என்கிறார்கள். கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஒன்பதாவது வழக்கு தொடங்கிய வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, தூண்டில் ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால், ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு எங்கே சார் என்று கேட்டேன். அதையும் வழக்கில் சேர்த்துக்கொள் என்று அடியிலிருந்து பதில் வந்தது.

வண்டிக்காரர் தண்ணீர் பம்ப் மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட்டில், பின்சக்கரங்கள் இல்லாமல், இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் அந்த வண்டி நின்றது. பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கோடு பிறந்த வண்டி அது. பாரம் ஏற்றினால் பதவிசாக ஓடும். பாரம் இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் எகிறும், பக்கத்தில் உட்கார்ந்தவர் தலை கூரையில் இடிக்கும். பக்கத்தில் உட்காருகிறவர் மெக்கானிக்கின் மனைவி. தையல்காரர். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுச் சட்டை தைத்து, கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒருநாள் அவர் நெற்றி புடைத்துக்கொண்டு வீடு திரும்பியதும், மெக்கானிக் சபதம் போட்டாராம். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, தானே தகடு வெட்டி, தானே வளைத்து, சுருள் ஸ்பிரிங் வைத்த புது சஸ்பென்ஷன் செய்கிறேன், கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த அம்மா நான்கு மாதமாகப் பஸ்ஸில் போகிறார்.

புது ஏற்பாட்டில் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலை வண்டியோடு பிணைக்க இரண்டு நீளமான இரும்புக் கைகள். அந்தக் கைகளின் முன்நுனியைப் பிடித்துக்கொள்ள, வண்டியின் அடிச்சட்டத்தில், அதாவது சேசிஸில், பக்கத்துக்கு ஒரு பிராக்கெட். தடித்த தகட்டை வெட்டி, ஒரு ஓரத்தைக் காது மாதிரி மடித்து, மூலையில் வெல்டிங் வைத்துச் செய்தது, தேங்காய் அளவு கனம். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்தால் வலது பிராக்கெட்டைக் காணோம். வழக்கு அவ்வளவுதான்.

தூண்டில் ஒருவழியாக ஊர்ந்து வெளியே வந்தார். மூக்கில் கிரீஸ். அதைத் துடைக்கலாமா என்று நான் யோசித்து, விட்டுவிட்டேன்.

“எதை எடுத்துட்டுப் போனான்னு எல்லாரும் பாப்பாங்க புழு. நாம எதை விட்டுட்டுப் போனான்னு பாக்கணும்.”

விட்டுவிட்டுப் போனவற்றைப் பார்த்தேன். பெட்டி பிரிக்காத கிரைண்டர் இருந்தது. வெல்டிங் மெஷின் இருந்தது. ட்ரில், வைஸ், புத்தம்புது சுருள் ஸ்பிரிங் இரண்டு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இவ்வளவையும் விட்டுவிட்டு, வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாத ஒற்றை இரும்பைத் தூக்கிப் போயிருக்கிறான். திருடனுக்குக் கண் தெரியாது என்றேன். இல்லையென்றால் ரசனை அதிகம் என்றார் தூண்டில்.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று மெக்கானிக்கின் இடுப்பில். இன்னொன்று அவருடைய மைத்துனனிடம். அதாவது தையல்கார அம்மாவின் தம்பி. வெல்டிங் வேலை தெரிந்தவன், மாடி அறையில் தங்கியிருக்கிறான், ஆறு மாதமாக வேலை இல்லை. சஸ்பென்ஷன் வேலையில் அவனைத் தொடவிடவில்லை மெக்கானிக். எல்லாம் முடிந்து, கடைசியாகச் சேசிஸில் பத்தவைக்கும்போது மட்டும் கூப்பிடுகிறேன், அதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதே என்று சொல்லி வைத்திருந்தாராம். இதையெல்லாம் மெக்கானிக் எங்களிடம் சொன்ன விதம்தான் எனக்கு வினோதமாகப் பட்டது. பொருளைப் பறிகொடுத்தவன் பத்து விரலையும் நீட்டி ஊரையே காட்டுவான். இவர் ஒவ்வொரு கேள்விக்கும் வண்டியின் பின் விளக்கைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

அப்போது கழுத்தில் அளவு டேப்போடு அந்த அம்மா ஷெட்டுக்குள் வந்தார். நேரே தூண்டிலின் முன்னால் நின்றார். மூக்கிலிருந்த கிரீஸைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

தம்பிக்குப் படகு கட்டும் யார்டில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேரவேண்டும் என்றார். எதிர்வீட்டுக்காரர் அதே யார்டில் வாட்ச்மேன். இங்கே பிராக்கெட் திருடுபோன கதை அவர் வாய் வழியாக யார்டுக்குப் போய்விட்டது. இரண்டு சாவிதான் என்ற விவரத்தோடு போய்விட்டது. இன்று மாலை ஐந்து மணிக்கு ஃபோர்மேன் ஃபோன் செய்வார். பையன் கை சுத்தம் என்று வீட்டுக்குப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை உண்டு, இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். மெக்கானிக்கோ, வழக்கு முடியாமல் எப்படிச் சொல்வது என்று இழுக்கிறார்.

“அவன் எடுத்திருந்தா எடுத்தான்னு சொல்லுங்க, நானே வெளிய போகச் சொல்றேன்,” என்றார் அந்த அம்மா. “எடுக்கலைன்னா யார் எடுத்தாங்கன்னு சொல்லுங்க. புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவுல என்னை இப்படி நிக்க வெக்காதீங்க.”

அவர் போனபிறகு மெக்கானிக் பின் விளக்கை இன்னும் வேகமாகத் துடைத்தார்.

ஒற்றை இரும்பை எடுத்தவன் அதை எங்கே கொண்டுபோவான்? சமைத்துச் சாப்பிட முடியாது. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. மூன்று மணிக்கு அங்கே நின்றோம்.

கடைக்காரருக்குப் பேச ஆள் கிடைக்காமல் வெகு நாளாகியிருக்கவேண்டும். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூல் போட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் ஆள் வந்தாராம். தலையில் சிவப்பு ஹெல்மெட். கடைசிவரை கழற்றவில்லை, பேசவும் இல்லை, எல்லாம் ஜாடைதான். ஒரு பிராக்கெட்டைத் தராசில் வைத்தார். கடைக்காரர் காசை நீட்டினார். வந்தவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“அவர் தலைய ஆட்டினா ஹெல்மெட் கொஞ்சம் லேட்டா ஆடுது சார்,” என்றார் கடைக்காரர்.

காசுக்குப் பதிலாக அந்த ஆள் கேட்டது ஒன்றே ஒன்று. என் கண் முன்னால் இதைத் துண்டு துண்டாக வெட்டு என்று கையால் அறுத்துக் காட்டினாராம். கடைக்காரர் முதலில் பயந்துபோய்த் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். பிறகு புரிந்து, கட்டரை எடுத்தார். எடுத்ததும் அந்த ஆள் ஒரு நிமிஷம் என்று கை காட்டி, குனிந்து, வெல்டிங் போட்ட இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம்தான் வெட்டவிட்டார். நான்கு துண்டானதும், வந்த வழியே நடந்து போய்விட்டார்.

“நடந்தா?” என்றார் தூண்டில்.

“நடந்துதான். வெயில்ல, ஹெல்மெட்டோட.”

அந்த நான்கு துண்டும் குவியலில் அப்படியே கிடந்தன. தூண்டில் அவற்றைக் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் போட்டார். சாக்கை யார் தூக்கினார் என்று சொல்லவேண்டியதில்லை. எங்கள் நிலையத்தில் மூளை வேலை அவருக்கு, எடையுள்ள வேலை எல்லாம் எனக்கு. வழியெல்லாம் நான் வழக்கை முடித்துக்கொண்டே வந்தேன். சிவப்பு ஹெல்மெட் வைத்திருப்பவனைப் பிடித்தால் தீர்ந்தது. வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான் என்றால் அவன் வெல்டர், தொழில் மரியாதை செய்திருக்கிறான். தூண்டில், யோசிக்கும்போது வழக்கம்போல், ஒரு கண்ணை மூடிக்கொண்டே நடந்து, ஒரு சைக்கிளில் மோதினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது மூன்றரை. மாடிப்படி தொடங்கும் இடத்தில், மைத்துனனின் பைக்குக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு கொக்கி. கொக்கியில் சிவப்பு ஹெல்மெட். வரும்போதே அது அங்கேதான் தொங்கியிருக்கிறது. அதன் அடியில் குனிந்துதான் நாங்கள் ஷெட்டுக்கே போனோம். துப்பறியும் நிலையத்தின் லட்சணம் இது.

மைத்துனன் கீழே இறங்கி வந்தான். அகலமான தோள், பெரிய தலை, சின்னக் குரல். ஹெல்மெட் உன்னுடையதா என்றேன். ஆமாம் என்றான். செவ்வாய் மதியம் எங்கே இருந்தாய் என்றேன். மாடியில் தூங்கினேன் என்றான். சாட்சி உண்டா என்றேன்.

“வேலை இல்லாதவன் மதியம் தூங்கறதுக்குச் சாட்சி வேற கூப்பிடணுமா சார்?”

பழைய இரும்புக் கடையில் சிவப்பு ஹெல்மெட் வந்த கதையை நான் சொன்னபோதும் சண்டைக்கு வரவில்லை. அக்காவை ஒருமுறை பார்த்தான், மாமாவை ஒருமுறை பார்த்தான், படியில் உட்கார்ந்தான். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முன்னறைக்குப் போய், துணியை மேஜையில் உதறிப் போட்டு, வெட்ட ஆரம்பித்தார். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து வேலை செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு என் வாயின் மேலேயே வெறுப்பு வந்தது. இந்த வழக்கை வாங்காமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

சமாதானமாக ஏதாவது செய்யலாம் என்று முன்னறைக்குப் போனேன். மேஜையில் துணி விரித்திருந்தது. அதன் மேல் சட்டைக் கை வடிவத்தில் ஒரு காகிதம். அந்த அம்மா அதைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு முடித்துவிட்டு, கத்தரிக்கோலைத் தேடினார். நான் உதவி செய்கிறேன் என்று காகிதத்தை எடுத்து அப்படியே பக்கத்தில் நகர்த்தி வைத்து, இரண்டாவது கைக்குக் கோடு போடத் தொடங்கினேன். புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“திருப்பிப் போடுங்க. ரெண்டும் இடது கையா வெச்சா யார் போட்டுக்கிறது?”

காகிதத்தைப் பிடுங்கி, குப்புறத் திருப்பி வைத்து, அவரே கோடு போட்டார். அப்போதுதான் கவனித்தேன். காகிதத்தின் இரண்டு முகத்திலும் ஓரமெல்லாம் சாக்குக்கட்டித் தூள் அப்பியிருந்தது.

வாசலில் நின்ற தூண்டில் மூடியிருந்த கண்ணைத் திறந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் இவ்வளவு அகலமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. மெக்கானிக்கின் தோளில் கை போட்டு, ஷெட்டுக்குள் அழைத்துப் போனார். நான் பின்னால் போனதும் கதவைச் சாத்தச் சொன்னார். மணி நான்கு இருபது.

“புழு, சாக்கைக் கொட்டு.”

கொட்டினேன். நான்கு துண்டையும் தரையில் பொருத்தி வைக்கச் சொன்னார். சின்ன வயதில் படத்துண்டு விளையாட்டில் நான் கெட்டிக்காரன். இரண்டு நிமிஷத்தில் பிராக்கெட் முழுசாகப் படுத்திருந்தது. மெக்கானிக் செய்து வைத்திருந்த இடது பிராக்கெட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார் தூண்டில். ஜோடி என்றால் ஒன்று கண்ணாடியில் பார்த்த இன்னொன்றாக இருக்கவேண்டும். இங்கே இரண்டின் காதும் ஒரே பக்கம் மடிந்திருந்தது. இரண்டு இடது செருப்பை வாங்கி வந்தவன் வீட்டு வாசல் மாதிரி இருந்தது பார்க்க.

மெக்கானிக் தகரக் கூரையில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

தூண்டில் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த அட்டையை எடுத்தார். பிராக்கெட் வடிவத்தில் வெட்டிய அட்டை. இதைத் தகட்டின் மேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டுத்தான் மெக்கானிக் வெட்டியிருக்கிறார். கோடு போட்ட முகத்தை உள்ளே விட்டுத்தான் மடித்திருக்கிறார். அட்டையின் ஒரு முகத்தில் ஓரமெல்லாம் மார்க்கர் மை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரிசை. திருப்பினார். மறுமுகம் துவைத்து மடித்த வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது.

“ஒரு தடவையும் திருப்பல,” என்றார் தூண்டில். “ரெண்டும் ஒரே முகத்துல கோடு போட்டு, ஒரே பக்கம் மடிச்சிருக்கீங்க. திருடு போனது வலது பிராக்கெட் இல்லை. வலது பிராக்கெட்னு ஒண்ணு பொறக்கவே இல்லை.”

தூண்டில் விடவில்லை. பைக் வைத்திருக்கிறவன் ஹெல்மெட்டோடு பைக்கில் போவான், நடந்து போகிறவனுக்கு ஹெல்மெட் எதற்கு? முகத்தை மறைக்க. மைத்துனன் தலை பெரிது, அவன் ஹெல்மெட் அவன் தலையோடு ஆடும். லேட்டாக ஆடியது என்றால் உள்ளே இருந்தது சின்னத் தலை. சின்னத் தலை, ஓட்ட வண்டி இல்லை, வெட்டக் கொடுப்பதற்கு முன் வெல்டிங்கைத் தடவிப் பார்க்க மனசு வருகிறது. அந்தப் பிராக்கெட்டின் மேல் அவ்வளவு பாசம் யாருக்கு இருக்கும்? நான் மெக்கானிக்கின் தலையைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம்.

அவர் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். அப்புறம் எல்லாம் வந்தது.

“சனிக்கிழமை ரெண்டாவதையும் முடிச்சேன் சார். வலது பக்கம் தூக்கிப் பிடிச்சேன். காது டயர் பக்கமா நீட்டிக்கிட்டு நிக்குது. நான் நம்பல. பிராக்கெட்டைத் திருப்பிப் பாத்தேன், கவுத்துப் பாத்தேன். கடைசில நான் இருக்கிற இடம்தான் தப்பா இருக்கும்னு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தேன்.”

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு இன்னொரு தகடு வாங்கியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வியாழக்கிழமை, அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே பக்கமாகவே கோடு போடுகிறீர்களே என்று கேட்டிருக்கிறார். இது இரும்பு, சட்டை இல்லை, நீ போய்ப் பொத்தானைத் தை என்று சொல்லியிருக்கிறார் இவர். சொன்னதோடு நிற்காமல், அதை ஒரு நகைச்சுவையாகத் தெருவில் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது என்று நினைக்கிற ஜாதி இவர். திருட்டுப் போய்விட்டது என்றால் ஒருநாள் பேசுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாராம். கொக்கியில் கைக்கு எட்டியது அந்த ஹெல்மெட். சாவி இரண்டுதான் என்பது, திருட்டு என்று வாய்விட்டுச் சொன்னபிறகுதான் உறைத்ததாம். சொன்னதைத் திரும்ப வாங்கவும் வாய் வரவில்லை. மனைவி போலீஸுக்குப் போவோம் என்றதும் பயந்துபோய், துப்பறிகிறவரை வைத்தே பார்த்துவிடலாம் என்றாராம்.

“எங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?” என்றார் தூண்டில். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

மெக்கானிக் தயங்கினார். “கோவிச்சுக்கக் கூடாது சார். யார்கிட்ட கொடுத்தா எதுவும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு விசாரிச்சேன். பன்னெண்டு பேர் உங்க பேரைச் சொன்னாங்க.”

தூண்டில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்வது எவ்வளவு பெரிய கம்பெனிக்கும் கிடைக்காத விளம்பரம் சார் என்று நான் ஆறுதல் சொன்னேன். அது சரியாகப் போய்ச் சேரவில்லை.

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். எவனோ வெளியூர்த் திருடன், கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். மைத்துனனுக்கும் வேலை கிடைக்கும், எனக்கும் மானம் மிஞ்சும், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. சொல்லிவிட்டுச் சாயங்கால டீக்கு வீடு போய்ச் சேரலாம்.

தூண்டில் எழுந்து நின்றார். மூக்கில் கிரீஸ் இருந்தும் அந்த நிமிஷத்தில் அவர் கம்பீரமாகத்தான் இருந்தார்.

“நான் சொல்லத் தயார்தான். ஆனா நான் சொன்னா யார் நம்புவாங்க? பன்னெண்டு பேரை நீங்களே விசாரிச்சிருக்கீங்க. தூண்டில் வெளியூர்த் திருடன்னு சொன்னா, அப்ப மைத்துனன்தான்னு தெரு முடிவு பண்ணிடும். அந்தப் பையனைக் காப்பாத்தறதுக்கு நம்பிக்கையான ஆள் வேணும். அது நீங்க ஒருத்தர்தான்.”

முன்னறையில் ஃபோன் அடித்தது. ஐந்துக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஃபோர்மேன்கள் இப்படித்தான், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள்.

நாங்கள் போனபோது அந்த அம்மா ஃபோனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். தம்பி படியிலிருந்து எழுந்து கதவோரம் வந்து நின்றான். மெக்கானிக் துணிக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமினார். பிறகும் ஒருமுறை செருமினார். அந்த இரண்டாவது செருமலில் நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

“உங்க மைத்துனனைப் பத்தித்தான் கேக்கறேன்,” என்றது ஃபோன். “அந்தத் திருட்டு யார் செஞ்சதுன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. நான்தான்.”

“யாரோடதைத் திருடினீங்க?”

“என்னோடதை.”

ஃபோன் யோசித்தது. ஏன் என்று கேட்டது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். “ரெண்டு பிராக்கெட்டையும் இடது பக்கத்துக்கே செஞ்சுட்டேன்.”

“அட்டையைத் திருப்பிப் போடலையா?”

“போடல.”

சிரிப்பு வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. ஃபோர்மேன் ஒரு பெருமூச்சு விட்டார். எங்கள் யார்டு வாசலில் ஒரு பெரிய இரும்புச் சுவர் கிடக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அது ஒரு படகின் இடது பக்கமாம். அதே படகின் இன்னொரு இடது பக்கம் தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கிறதாம். பதினான்கு வருஷமாக வாட்ச்மேன் அதன் நிழலில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றார். அட்டையை யார் திருப்பவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பையனை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அன்றைக்கே சொன்னேனே என்ற வார்த்தையைச் சொல்ல உலகத்தில் ஒருவருக்கு உரிமை இருந்தது என்றால் அது அவருக்குத்தான். மெக்கானிக் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்தும் வைத்திருந்தார். அந்த அம்மா அதைச் சொல்லவில்லை.

“நாலு நாளா என் தம்பி எதிர்ல உட்கார்ந்து எப்படிங்க சாப்பிட்டீங்க?”

என்னிடம்கூட நக்கல் எதுவும் இல்லை. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை மேஜையின் உள்ளறையில் வைத்து மூடினார்.

தம்பிதான் பேசினான். அந்தச் சின்னக் குரலில், அவசரப்படாமல் பேசினான். “ஃபோன்ல சொன்னது யார்டுக்கு. இந்தத் தெருவுல நம்மளைத் தவிர பதினோரு வீடு இருக்கு. நாலு நாளா எல்லா வீட்டு ஜன்னலும் என்னைத்தான் பாக்குது. அவங்களுக்கு யார் சொல்றது?”

மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நாங்கள் கேட் பக்கம் நின்று பார்த்தோம். முதல் வீட்டுக்குள் நுழைந்தவர் இரண்டு நிமிஷத்தில் காது சிவந்து வெளியே வந்தார். உள்ளே பலமான சிரிப்பு. இரண்டாவது வீட்டிலும் அதேதான். மூன்றாவது வீட்டில் சட்டை ஜோக் ஞாபகமிருக்கிறதா என்று அவர்களே கேட்டார்களாம், அதையும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாவது வீட்டில் கொஞ்சம் நேரம் ஆனது. ஆறாவது வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், மனுஷன் ஒரு பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்து ஹெல்மெட் லேட்டாக ஆடுவதை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். எட்டாவது வீட்டில் இன்னும் கொஞ்சம் நீட்டினார். பத்தாவது வீட்டுக்காரர் டீ கொடுத்தே அனுப்பினார். இவரைத் திருத்த முடியாது என்றார் அந்த அம்மா. சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதற்காகத் தன்மேல் கோபமும் வந்தது.

பதினோராவது, எதிர்வீடு. வாட்ச்மேன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அவர் முன்னால் போய் நின்றார். அங்கே நடிப்பு இல்லை, பாத்திரம் இல்லை. தெரு குறுகல், நாங்கள் நின்ற இடத்துக்கே கேட்டது.

“என் மைத்துனன் எடுக்கல. நான்தான் எடுத்தேன். அவன்மேல பழி விழுந்தப்போ தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. எழுந்து, தெருவைக் கடந்து, நாங்கள் நின்ற கேட்டுக்கு வந்தார். தம்பியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நானும் யோசிக்காமல் யார்டில் பேசிவிட்டேன் என்றார். திங்கட்கிழமை ஏழு மணிக்கு, யார்டு கேட்டில் உன் பெயரை நானே எழுதிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். தம்பி தலையசைத்தான்.

மெக்கானிக் இன்னும் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பதினோரு வீடும் முடிந்துவிட்டது, ஆனால் தன் வீட்டுக்குள் வர அவருக்குக் கால் வரவில்லை. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. தம்பி ஷெட்டுக்குள் போனான். உள்ளே தகடு உரசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், மிச்சமிருந்த ஒரு பழைய தகட்டை ஒரு முனையில் பிடித்து, தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

“மாமா, அங்கேயே நின்னா எப்படி? திங்கக்கிழமைக்கு அப்புறம் வலது பிராக்கெட் செய்ய எனக்கு நேரம் இருக்காது. வந்து அந்த முனையைப் பிடிங்க.”

மெக்கானிக் இரண்டு பக்கமும் பார்க்காமல் தெருவைக் கடந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில், அவன் பிடித்திருந்த அதே முனையைப் பிடித்தார்.